பூங்குழலி யாருப்பா?

என் மகள் புத்தகத்தை மூடி வைத்ததற்குக் காரணம் நான்தான். செல்போன் மேல் பழியைப் போடலாம் என்றால், அவள் அதை அவ்வளவாகத் தொடுவதுகூட இல்லை.

இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் வீட்டுக்கு வரும் பத்திரிகைகளையெல்லாம் கடகடவென்று படித்தாள். பஸ்ஸில் போனால் கடைப் பலகைகள், கல்யாணத்துக்குப் போனால் மொய் நோட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் அன்றைய பேப்பரை அவள் கையில் கொடுத்துத் தலையங்கத்தைப் படிக்கச் சொல்வேன். வந்தவர்கள் காபி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். "அர்த்தம் புரியுதாம்மா?" என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

மூன்றாம் வகுப்பில் 'பொன்னியின் செல்வன்' வாங்கிக் கொடுத்தேன், ஐந்து பாகமும். நந்தனம் புத்தகக் காட்சியில் கடையில் இருந்த பெண், "எட்டு வயசுன்னா இதைப் பாருங்க சார்" என்று படம் போட்ட ஒரு மெல்லிய நாவலை நீட்டினார். "இதெல்லாம் யூகேஜியிலேயே முடிச்சாச்சு" என்றேன். பச்சைப் பொய். மகள் அந்த அட்டையை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் ஐந்து பாகத்துக்குப் பில் போடச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாவலை நானே முடித்ததில்லை. கல்லூரி நாளில் இரண்டாம் பாகத்தின் நடுவில் விட்டது. மிச்சக் கதை, மணிரத்னம் 2022இலும் 2023இலும் எடுத்த படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மட்டும் "கல்கியைப் படிக்காம என்ன வாசிப்பு?" என்பேன்.

முதல் பாகம் ஓடியது. வந்தியத்தேவனையும் ஆழ்வார்க்கடியானையும் அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு கேள்விகள் வந்தன. "பழுவேட்டரையர் தாத்தா ஏன்ப்பா அந்த அக்காவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு?" ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அடுத்தது சாப்பிடும்போது வந்தது: "நந்தினி அவ்ளோ கெஞ்சினாங்களே, அப்புறமும் ஏன் கரிகாலன் தலையை வெட்டினாரு?" வீரபாண்டியன் கொல்லப்படும் கதை முதல் பாகத்திலேயே வந்துவிடுகிறது. நானும் படித்த இடம்தான், சுத்தமாக மறந்துபோயிருந்தேன். "போர்னா அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டேன். அன்று இரவு அவள் விளக்கை அணைக்கவிடவில்லை. நானோ தங்கைக்குப் போன் போட்டு, எட்டு வயதில் என்ன கேள்வி கேட்கிறாள் பார் என்று பீற்றிக்கொண்டேன்.

இரண்டாம் பாகத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வைத்திருந்தாள். அது தினமும் ஒழுங்காக நகர்ந்தது. பாதிப் புத்தகத்தைத் தாண்டியிருந்த சமயத்தில், விருந்தாளிகள் முன்னால், "பூங்குழலியைப் பத்திச் சொல்லும்மா" என்றேன்.

"பூங்குழலி யாருப்பா?"

இரண்டாம் பாகம் தொடங்குவதே பூங்குழலியோடுதான். ஒரு பக்கம்கூடப் படிக்காமல் டிக்கெட்டை மட்டும் நகர்த்தி வந்திருக்கிறாள். எல்லார் முன்னாலும் "பொய் சொல்லப் பழகிட்டியா?" என்று திட்டினேன். புத்தகக் காட்சியில் அவள் காதுபடவே பொய் சொன்னவன் நான். பிறகுதான் தெரிந்தது, கீழ்வீட்டுப் பையனின் படப் புத்தகங்களை வாங்கி மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுடையவற்றைத்தான், 'பெரிய பெண்ணாகிவிட்டாள்' என்று சொல்லி நான் எடைக்குப் போட்டுவிட்டேனே. திட்டு வாங்கியபின் அதையும் நிறுத்திவிட்டாள்.

எட்டு வயதுக்குத் தமிழில் புத்தகம் தேடுவது சிரமம்தான். படக்கதைகளுக்குப் பஞ்சமில்லை. தூலிகா போட்டிருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு படிநிலைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த நான்கையும் தாண்டிய பிள்ளைக்கு, சின்னச் சின்ன அத்தியாயங்களோடு நூறு பக்கத்தில் ஒரு நாவல் வேண்டும் என்றால் கடைக்காரர் யோசிக்கிறார். ஆனால் குறைவாக இருப்பதை 'இல்லவே இல்லை' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தேடாமல் இருந்தேன். தேடியிருந்தால் ஜெயமோகனின் 'பனிமனிதன்' கிடைத்திருக்கும். தினமணி சிறுவர்மணியில் பிள்ளைகளுக்கென்றே தொடராக வந்த நாவல் அது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதி, 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற 'ஆதனின் பொம்மை'யும் கிடைத்திருக்கும்.

நூலகர் ஒருமுறை யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' எடுத்துக் கொடுத்தார். 2020இல் அதே விருது பெற்றது. தப்பான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை என்று தெரிந்ததும் கூச்சப்பட்டுத் திருப்பி வைத்துவிட்டேன். தலை வெட்டுவதைத் தூக்கிக் கொடுத்த கைக்கு, சிறுமிகளுக்காகவே எழுதிய புத்தகத்தைக் கொடுக்கக் கூச்சம்! இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. பிறகு அவள் அம்மாதான் அதை எடுத்து வந்து அவளோடு சேர்ந்து படித்தாள்.

கடைசியில் அவளை மறுபடியும் இழுத்து வந்தது, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்ட 'டோட்டோ-சான்'. தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது. வகுப்பறையே ரயில் பெட்டி. ஒவ்வொரு அத்தியாயமும் இரண்டு மூன்று பக்கம்தான். இந்த முறை நான் முதலில் முழுசாகப் படித்தேன். போலியோ பாதித்த யாசுவாகி-சான் இறந்துபோகும் இடம் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அழுதாள். அழட்டும் என்று விட்டேன். தலைமை ஆசிரியர் கோபயாஷி முதல் நாளே டோட்டோ-சானை நான்கு மணி நேரம் பேசவிட்டுக் கேட்பார். அதைப் படித்துவிட்டு, "நாலு மணி நேரம்ப்பா!" என்றாள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பின்னட்டையில் எந்த வயதுக்கு என்று போடுங்கள். உள்ளே சாவோ கொலையோ இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். விருதுப் பட்டியலுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி போதும். என்னைப் போன்ற அப்பாக்கள் உள்ளே புரட்டிப் பார்ப்பதில்லை, அட்டையை மட்டும்தான் பார்க்கிறோம்.