கூற்றும் கேண்மையும்

நட்பைப் பாடாத புலவர் தமிழில் அரியர். திருவள்ளுவர் பொருட்பாலில் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் கண்டிராத பிசிராந்தையாருக்கென்று தன் அருகில் ஓர் இடத்தை ஒழித்து வைக்கச் சொன்னான். பாண்டி நாட்டிலிருந்து அப்புலவரும் வந்து சேர்ந்தார். புறநானூறு அறிந்தார்க்கு இவை புதிய செய்திகள் அல்ல. ஆண்டுதோறும் வகுப்பறையில் நாம் நடத்துபவைதாம். ஆயினும், இங்கே நாம் எழுதப் புகுவது அமெரிக்க மண்ணில் பிறந்த ஒரு மேசை விளையாட்டையும், அதனால் நமக்கு வாய்த்த நால்வரின் கேண்மையையும் பற்றி. தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று வினவும் பெரியோர் சற்றே பொறுத்தருள வேண்டும்.

அவ்விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், மின்னசோட்டா மாநிலத்தவரான டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் அமைத்தது. 1974இல் மூன்று சிறு நூல்களாக ஒரே பெட்டியில் வெளிவந்தது. முதலில் அச்சிட்டவை 1000 படிகளே. அதற்கு முன்பும் போர் விளையாட்டுகள் இருந்தன. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே வரைபடத்தின்மீது படைகளை நகர்த்திப் பயின்றனர். அங்கெல்லாம் ஆடுபவர் ஒருவர் ஒரு படையையே நடத்துவார். 1969இல் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நடத்திய ஓர் ஆட்டத்தில், ஒவ்வொருவருக்கும் படைக்குப் பதிலாக ஒரேயொரு மனிதரின் வேடம் தரப்பட்டது. ஆர்னசன் அவ்வழியில் மேலும் சென்றார். படைத்தலைவராக ஆடியவர்கள் ஒரு மனிதனின் அச்சத்தையும் ஆசையையும் பேசத் தொடங்கியது இவ்வாறுதான்.

ஆடும் முறை எளிது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். "மதிலின்மேல் ஏற முயல்கிறேன்" என்பார் ஒருவர். ஏறுவதற்கு 15 வேண்டும் என்று நடத்துபவர் மனத்துள் வைத்துக்கொள்வார். பாத்திரத்தின் திறன் 4 என்றால், இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். விழுந்தால் ஏறினார், இல்லையேல் வழுக்கினார். வழுக்கியவரை என்ன செய்வது என்பது அடுத்த பேச்சு. இதில் வென்றவர் தோற்றவர் இல்லை. பந்தயப் பொருளும் இல்லை. கதை வாரக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் நீளும்.

2003இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக நாம் சென்னையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். அடுத்த அறையில் நாகர்கோவிலைச் சேர்ந்த கிறித்தவ நண்பர், இயற்பியல் ஆய்வாளர், அளந்து பேசுபவர். இவ்விளையாட்டின் விதிகளைப் பதிப்பகத்தார் 2000ஆம் ஆண்டிலேயே திறந்த உரிமத்தின் கீழ் இணையத்தில் வைத்துவிட்டபடியால், அவர் பிரவுசிங் சென்டருக்குச் சென்று பக்கத்துக்குப் பக்கம் காசு எண்ணிக் கொடுத்து அச்செடுத்து வந்தார். அவரே எங்களுக்கு 'நடத்துநர்' ஆனார். பேருந்து நடத்துநர் போலவே வந்தவரையெல்லாம் ஏற்றிக்கொள்வார். ஒருவரையும் நடுவழியில் இறக்கிவிட மாட்டார். மற்றவர்கள் கணிதத்தார் ஒருவர், பொருளியலார் ஒருவர், காயல்பட்டினத்து நண்பர் ஒருவர், நாம். காயல்பட்டினத்தார் எங்களில் மூத்தவர். ஆதலால் அவர் ஊர் வழக்கப்படியே 'காக்கா' என்று அழைத்தோம். அண்ணனை ஏன் பறவையாக்குகிறீர்கள் என்று பொருளியலார் முதல்நாள் கேட்டார். மறுநாளிலிருந்து அவரும் காக்கா என்றே அழைத்தார்.

முதல் வாரம் ஆட்டம் நடந்தது. காக்கா பாத்திரம் ஏற்றார், பேசினார், சிரித்தார். பகடை உருட்ட வேண்டிய வேளையில் மட்டும் பக்கத்திலிருப்பவரை உருட்டச் சொன்னார். பந்தயம் இல்லாவிடினும் பகடையைத் தொடுவதே ஆகாது என்று கருதும் மார்க்க அறிஞர்கள் உளர். காக்கா அவர்கள் வழி நிற்பவர். காரணத்தை அவர் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. அடுத்த வாரம் நடத்துநர் வந்தபோது கையில் பகடை இல்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. பயன்முடிந்த திருமண அழைப்பிதழ்களை ஒரே அளவாக வெட்டி, 1 முதல் 20 வரை எண்ணிட்டு, இருபது சீட்டுகளை அதற்குள் போட்டிருந்தார். "இனி இதில் எடுப்போம். பகடை உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது" என்றார். அவ்வளவே அவர் சொன்ன காரணம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கினால் வாய்ப்பு மாறாது என்பதைக் கணிதத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானூறு முறை எடுத்துக் குறித்துச் சரிபார்த்தார். ஒரு மனிதரைச் சங்கடப்படுத்தாமல் அவருடைய பேணுதலுக்கு இடம் செய்து கொடுப்பது எங்ஙனம் என்பதை நாம் கற்றது அந்த டின்னிடம்.

பெரியோர்களுக்கு இவ்விளையாட்டின்மீது ஐயம் எழுவது இயல்பு. இங்கு மட்டுமன்று, 1980களில் அமெரிக்காவிலேயே பெற்றோர் சிலரும் தேவாலயத்தார் சிலரும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். பிறந்த வீட்டிலேயே வசை வாங்கிய பிள்ளை இது.

விதிநூலில் உள்ள உலகம் ஐரோப்பியக் கோட்டைகளும் காடுகளும் நிறைந்தது. அவ்வுலகில் நோய் தீர்ப்பவர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு தெய்வத்தின் பூசகராக இருப்பார். காக்காவுக்கு அது பொருந்தாது. நடத்துநர் அதையும் மாற்றினார். பூசகர் பச்சிலை மருத்துவர் ஆனார். கோட்டைகள் போய்க் கொற்கைத் துறை வந்தது. டிராகன் இருந்த இடத்தில் யாளி வந்து உட்கார்ந்தது. தாமிரபரணி கொண்டுவந்த மண்ணால் கொற்கை கடலை இழந்ததும், பின்னர்க் காயல் துறைமுகமாக எழுந்ததும் காக்கா வாயால் கேட்க வேண்டும். தம் பாட்டனார் வீட்டு வாசலில் நடந்ததுபோல் சொல்வார். எங்கள் கதை முத்துக்குளிப்போரும் குதிரை இறக்கும் கலங்களுமாக விரிந்தது. கணிதத்தார் கள்வன், பொருளியலார் வாள்வீரர், ஆனால் வாளைவிடக் கணக்கு நோட்டையே மிகுதியும் கையில் வைத்திருந்தார். குழுவின் பொற்காசுகளெல்லாம் அதில் வரவு செலவாகப் பதியப்பெற்றன. நாம் பாணன். ஆற்றுப்படை நடத்தும் ஆசிரியனாக வரவிருந்தவனுக்கு வேறு வேடம் ஏது?

இவ்விடத்தில் நம் துறை சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அகப்பாடல்களில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பிறர் வாயில் நின்றே பேசுவார். மாந்தர் பெயர் சுட்டப்பெறுவதுமில்லை. முதுகலை வகுப்பில் இதை ஓர் இலக்கண விதியாகவே நாம் படித்திருந்தோம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கூற்றாகப் பேசியபோதுதான் அவ்விதியின் உயிர் விளங்கிற்று. தம் பெயரில் பேசக் கூசும் ஒருவர் கள்வனின் பெயரில் துணிந்து பேசுகிறார். தம் துயரைச் சொல்லாதவர் மருத்துவனின் துயராக அதைச் சொல்லிவிடுகிறார். கேட்பவர் தோழி போல் கூர்ந்த செவி உடையவராக இருத்தல் வேண்டும், அவ்வளவே.

ரமலான் மாதத்தில் ஆட்டம் தராவீஹ் தொழுகைக்குப் பின்னர்த் தொடங்கும். ஸஹருக்கு எங்களை எழுப்பும் பொறுப்பைக் கடிகாரத்தைவிட நடத்துநரே நன்கு செய்தார். 2005இல் ஐவரும் பிரிந்தோம். காக்கா 2006இல் குவைத்துக்குச் சென்றார். ஆண்டுக்கு ஒருமுறை யாரேனும் இருவரோ மூவரோ கூடுவதுண்டு. அப்போது கதை ஓரிரு இரவுகள் நகரும். காக்கா இல்லாத அந்நாட்களிலும் பச்சிலை மருத்துவன் கதையிலிருந்து நீக்கப்பெறவில்லை. 'கடலோடியிருக்கிறான்' என்று வைத்தோம். கிடைத்த பொருளில் அவனுக்குரிய நான்கிலொரு பங்கைப் பொருளியலார் தம் நோட்டில் தனியே ஒதுக்கி எழுதி வந்தார். எவரும் அவரிடம் அவ்வாறு செய்யச் சொன்னதில்லை.

2020 மார்ச்சு 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கல்லூரி மூடியது. ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை தோறும் இரவு பத்து மணிக்குக் காணொளியில் ஐவரும் கூடினோம். குவைத்தில் அப்போது மணி ஏழரை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் காக்காவின் குரலில் மருத்துவன் மீண்டும் பேசினான். மகிழ்ச்சிக்குக் கேட்க வேண்டுமா?

மே மாதத்தில் எங்கள் கலம் ஒரு துறையை அடைந்தது. எல்லாரும் இறங்கிச் சத்திரத்தில் உண்டோம், பண்டங்கள் வாங்கினோம். மருத்துவன் இறங்கவில்லை. "என் பங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு ஒன்றும் வேண்டா" என்றான். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் ஒரு சிறு படகில் மூவருக்கே இடம் இருந்தது. யாரை விடுவது என்று நாங்கள் வழக்கம்போல் வேடிக்கையாக வாதிட்டுக்கொண்டிருக்கையில், "நீங்கள் போங்கள். நான் கரையில் நின்றுகொள்கிறேன். கரையில் நிற்கப் பழகிவிட்டது" என்றான். நல்ல வசனம் என்று சிரித்தோம். பொருளியலார் சிரிக்கவில்லை.

அன்றிரவே அவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். விடுதிக் காலத்தில் சத்திரத்துக்குப் போனால் முதலில் காசு எடுத்தது மருத்துவன்தான். எல்லாருக்கும் அவன்தான் சோறு வாங்கிக் கொடுத்திருக்கிறான். இப்போது மூன்று வாரமாக ஒரு காசு செலவில்லை. அது மருத்துவன் பேச்சில்லை, காக்கா பேச்சு" என்றார்.

மறுநாள் நடத்துநர் காக்காவிடம் நேரே கேட்டுவிட்டார். எங்களுள் குறைவாகப் பேசுபவர் கேட்டதனாலோ என்னவோ, காக்காவும் மறைக்கவில்லை. அவர் பணியாற்றிய நிறுவனம் மார்ச்சு மாதமே மூடப்பட்டிருந்தது. ஊதிய நிலுவை வரவில்லை. ஓரறையில் எட்டுப் பேர். ஊரிலுள்ள வீட்டாருக்கு எதுவும் தெரியாது. வழக்கமாக அனுப்பும் தொகையைக் கையிருப்பிலிருந்தே அனுப்பி வந்திருக்கிறார். கையிருப்பும் தீர்ந்த வாரத்தில்தான் மருத்துவன் கரையில் நின்றுகொள்வதாகச் சொன்னது.

மே 7 முதல் வெளிநாடுகளிலிருந்து மீட்பு விமானங்கள் இயங்கத் தொடங்கியிருந்தன. தூதரகத்தில் பதிவு செய்து முறை வருவதற்கு நாளாயிற்று. சூலையில் காக்கா சென்னையில் இறங்கி, தனிமைப்படுத்தலில் நாட்களைக் கழித்து, ஊர் சேர்ந்தார். இடையில் அறை வாடகைக்கும் பயணச் சீட்டுக்கும் நால்வரும் பணம் அனுப்பினோம். ஒருவர் மற்றவர் தொகையைக் கேட்டதில்லை. மொத்தம் பொருளியலாருக்கு மட்டுமே தெரியும்.

கதை இங்கு முடியவில்லை. ஊர் சேர்ந்த காக்கா ஓராண்டுக்குள் சிறு கடை ஒன்று வைத்தார். முதல் வேலையாகக் கடனைத் திருப்பித்தர முனைந்தார். வாங்கிக்கொண்டால் அவர் தன்மானம் நிறைவுறும். வாங்க எங்களுக்கு மனமில்லை. மறுத்தாலோ அவர் மனம் புண்படும். இந்த இக்கட்டைத் தீர்த்தது மீண்டும் அந்த நோட்டுதான். பொருளியலார் அதன் ஒரு பக்கத்தைப் படமெடுத்து ஐவருக்கும் அனுப்பினார். 2006 முதல் 2020 வரை மருத்துவனுக்கென்று ஒதுக்கிய பங்குகளெல்லாம் கூட்டப்பெற்றிருந்தன. கீழே, 'மருத்துவனின் நிலுவை - கொடுத்துத் தீர்ந்தது' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். காக்கா நெடுநேரம் விடை அனுப்பவில்லை. பின்னர், "கணக்கில் இரண்டு காசு குறைகிறது" என்று எழுதினார்.

பழைமை என்னும் அதிகாரத்தை இப்போதெல்லாம் நடத்தும்போது, குறளில் வரும் 'கிழமை' என்ற சொல்லுக்கு நாம் வகுப்பில் கூறும் விளக்கம் முன்னைவிடச் சற்று நீளமாகிவிடுகிறது. மாணவர்கள் காரணம் அறியார். இம்மலரைப் படித்தால் அறிவர்.

அந்த பிஸ்கட் டின்னை நடத்துநர் பார்சலில் காயல்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார். இப்போது ஐவருக்கும் சீட்டு எடுப்பவர் காக்காவே. கணினியின் முன் உயர்த்திக் காட்டுவார். பதினேழாம் எண் சீட்டு விடுதியிலேயே தொலைந்து போயிற்று. 11 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு இருபதுக்குப் பத்து என்றிருந்தது, பத்தொன்பதுக்கு ஒன்பது ஆகிவிட்டது என்று கணிதத்தார் இருபது ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார். புதுச்சீட்டு வெட்டுவதாகக் காக்கா சொன்னபோது, வேண்டா என்று தடுத்தவரும் அவரே. கலம் இப்போது கொற்கைக்குத் திரும்பும் வழியில், காற்றில்லாமல் நடுக்கடலில் நிற்கிறது. தேர்வு விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் பாணன் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும்.