பிளேஸ்டேஷனா, பிசியா: எம்.எம்.ஓ.வுக்கு எது சரியான வாசல்?

எங்கள் பி.காம். வகுப்பில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று பிசி கட்சி, இன்னொன்று கன்சோல் கட்சி. (மெஜாரிட்டி என்னவோ மொபைல் கட்சிதான். ஆனால் அவர்கள் இந்தச் சண்டைக்கே வருவதில்லை. கடைசி பெஞ்சில் பிஜிஎம்ஐ ஆடிக்கொண்டிருப்பார்கள்.) கால்பந்து, கார் ரேஸ் என்றால் இந்தச் சண்டையை நானும் சிரித்துக்கொண்டே கேட்பேன். எம்.எம்.ஓ. விளையாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் சிரிக்க முடியாது. காரணம் எளிது. அண்ணன் சிங்கப்பூரில் ஒரு பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிறார். நான் ஒத்தக்கடையில் ஒரு பிசி வைத்திருக்கிறேன். இந்த இரண்டு பெட்டியும் ஒரே உலகத்துக்குள் எங்களை விடுமா, விடாதா? எனக்கு இருக்கும் கேள்வி அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். எம்.எம்.ஓ. என்றால் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்தில் இருந்து ஆடும் விளையாட்டு. நம்ம ஊர்ச் சித்திரைத் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கினாலும் திருவிழா பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். மறுநாள் வந்தால் அதே கூட்டம், அதே கடை, தெரிந்த நாலு முகம். இதற்கு நேர் எதிர், நான் சின்ன வயதில் போன பிளேஸ்டேஷன் 2 கடை. டிவி ஒன்று, கட்டுப்பாட்டுப் பிடி இரண்டு, மணிக்கு 20 ரூபாய். விளையாடிச் சேர்த்ததெல்லாம் 8 எம்பி மெமரி கார்டில் இருக்கும். சொந்தமாகக் கார்டு வைத்திருக்கும் பையன் அதைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவான். எம்.எம்.ஓ.வில் அப்படி எதையும் பையில் போட முடியாது. உங்கள் ஆள், அவன் வாள், அவன் சேர்த்த காசு எல்லாம் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டி வெறும் வாசல்.

இதை மறந்துவிட்டுத்தான் இரண்டு கட்சியும் சண்டை போடுகின்றன என்பது என் எண்ணம்.

பிசி கட்சியின் முதல் வாதம், "எம்.எம்.ஓ.வில் முப்பது நாப்பது மந்திரம் இருக்கு, அத்தனையையும் பத்துப் பன்னெண்டு பட்டன்ல எப்படிடா அடக்குவ?" என்பது. 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இன்றுவரை கன்சோலுக்கு வராததை ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. 2013 ஆகஸ்டில் புதுப்பித்து வெளியிட்ட ஃபைனல் ஃபேன்டசி 14 பிசிக்கும் பிளேஸ்டேஷன் 3க்கும் ஒன்றாகவே வந்தது. அதில் இடப்பக்க விசையை அழுத்திப் பிடித்தால் எட்டு வேலை, வலப்பக்க விசையைப் பிடித்தால் இன்னொரு எட்டு. பழகிய கை கீபோர்டுக்குச் சளைத்ததில்லை. அண்ணன் அந்தப் பிடியோடுதான் எனக்கு முன்னால் நின்று அடி வாங்குகிறார். நான் பின்னால் நின்று வைத்தியம் பார்க்கிறேன்.

கன்சோலின் நிஜமான குறை கையில் இல்லை, வாயில் இருக்கிறது. எனக்கு இரவு 9 மணி என்றால் அங்கே 11.30. அறையில் இன்னும் மூன்று பேர் தூங்குவார்கள், அதனால் மைக்கில் பேச முடியாது. பட்டனை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி "சாப்டியாடா" என்று அடிப்பதற்குள் அரக்கன் எங்கள் இருவரையும் தின்று முடித்திருப்பான். :-) கடைசியில் ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கிப் பெட்டியில் செருகினார். அந்த விளையாட்டு அதை ஏற்றுக்கொண்டது. அன்றைக்குத்தான் நாங்கள் உண்மையில் சேர்ந்து விளையாட ஆரம்பித்தோம் என்பேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, வீட்டுக் கதை, அம்மாவின் முழங்கால் வலி, அவர் சூப்பர்வைசர் பற்றிய புலம்பல் எல்லாம் அங்கேதான். போனில் கேட்டால் "நல்லாருக்கேன்டா" என்பதோடு முடித்துவிடுகிறவர், அரக்கனை அடித்துவிட்டு உட்காரும் நேரத்தில் பத்து வரி எழுதுவார்.

கன்சோல்காரர்களுக்கும் இந்த வாய்க் குறை ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. 2000 டிசம்பரில் சேகா கம்பெனி ட்ரீம்காஸ்டுக்கு ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் வெளியிட்டது. ஒரு குழுவில் நாலு பேர்தான், ஆகவே முழு எம்.எம்.ஓ. என்று சொல்ல முடியாது. ஆனால் தயாராக வைத்திருந்த சொற்களிலிருந்து வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தால், எதிரே இருப்பவருக்கு அது அவர் மொழியில் தெரியும்படி செய்திருந்தார்கள். கீபோர்டு இல்லாத வீட்டை நினைத்துச் செய்த வேலை. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் தயார் வாக்கியத்தில் அம்மாவின் முழங்கால் வலியைச் சொல்ல முடியாதே.

அடுத்தது 2002 மே மாதம் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ஃபைனல் ஃபேன்டசி 11. விளையாட்டைப் பதியவும், மாதாமாதம் வரும் மாற்றங்களைச் சேர்க்கவும் 8 எம்பி கார்டு எந்த மூலைக்கு? அதற்கென்று தனியாக ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டியிருந்தது. அதே வருடக் கடைசியில் பிசிக்கும் வந்தது. முக்கியமான விஷயம், இரண்டு பெட்டிக்காரர்களும் ஒரே உலகத்துக்குள் விடப்பட்டார்கள். 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360காரர்களும் அதே உலகத்துக்கு வந்தார்கள்.

இப்போது இதோடு எவர்க்வெஸ்ட் ஆன்லைன் அட்வென்சர்ஸை ஒப்பிட்டுப் பாருங்கள். 2003இல் பிளேஸ்டேஷன் 2க்கு மட்டும் என்று தனியாகக் கட்டிய உலகம் அது. 2012 மார்ச்சில் இழுத்து மூடினார்கள். அதில் வாழ்ந்தவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 11இலும் 2016 மார்ச் 31ஆம் தேதியோடு பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் 360 வாசல்களை அடைத்தார்கள். ஆனால் உலகம் பிசியில் இன்றும் ஓடுகிறது. பழைய பெட்டியை மூட்டைகட்டிவிட்டு, பிசி வாசல் வழியாக உள்ளே போனால் அங்கே அதே ஆட்கள். ஒரு வாசல் மட்டும் வைத்துக் கட்டிய வீட்டுக்கும் இரண்டு வாசல் வைத்த வீட்டுக்கும் இதுதான் வித்தியாசம்.

காமர்ஸ் மாணவன் என்பதால் ஒரு கணக்கு சொல்லாமல் விட முடியவில்லை. எம்.எம்.ஓ. கம்பெனிக்கு சர்வர், ஆள் சம்பளம் எல்லாம் நிலையான செலவு. பத்துப் பேர் வந்தாலும் பத்தாயிரம் பேர் வந்தாலும் உலகத்தைத் திறந்து வைத்தாக வேண்டும். வாடிக்கையாளன் காசு கொடுப்பதோ உள்ளே இருக்கும் கூட்டத்துக்காக. ஆகவே கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பது சரக்கைத் தானே கெடுப்பதற்குச் சமம். தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014 ஏப்ரலில் பிசிக்கும், 2015 ஜூனில் கன்சோல்களுக்கும் வந்தபோது அதைத்தான் செய்தது. பிசிக்குத் தனி, பிளேஸ்டேஷனுக்குத் தனி, எக்ஸ்பாக்ஸுக்குத் தனி சர்வர். அந்த ஏற்பாட்டில் நானும் அண்ணனும் ஒரே விளையாட்டை வாங்கியும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே முடியாது. பக்கத்துப் பக்கத்து மண்டபத்தில் ஒரே கல்யாணத்தை இரண்டு தடவை நடத்துகிற மாதிரி.

இதெல்லாம் நம்ம ஊருக்கு எப்படி வந்தது என்பது தனிக் கதை. 2000களின் நடுவில் மதுரையில் கல்லூரியில் படித்த மாமா சொல்வார், அன்றைக்கு எம்.எம்.ஓ. என்றால் பிரவுசிங் சென்டர்தான் என்று. லெவல் அப் என்ற நிறுவனம் ராக்னராக் ஆன்லைனையும், சென்னையின் சிஃபி நிறுவனம் ஏ3 என்பதையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. இரண்டுமே கொரியாவில் பிறந்த பிசி விளையாட்டுகள். இரண்டு சேவையும் பிறகு நின்றுபோயின. கன்சோல் அந்தப் போட்டிக்கே வரவில்லை. 2004இல் மத்திய அரசு 256 கேபிபிஎஸ் வேகத்தையே பிராட்பேண்ட் என்று வரையறுத்த காலம் அது. 2007இல் பிளேஸ்டேஷன் 3 இங்கே வந்தபோது விலை 39,990 ரூபாய். அந்தக் காசுக்கு பிசி வாங்கினால் அக்கா ப்ராஜெக்ட் செய்வாள், அப்பா மின்கட்டணம் கட்டுவார், தம்பி விளையாடுவான். கன்சோலில் தம்பி மட்டும்தான் விளையாடுவான். எந்த அப்பாவும் எதை வாங்குவார் என்று கேட்கவே வேண்டாம்.

2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டம் எங்கள் வீட்டுக்கும் ஒரு பிசியைக் கொண்டுவந்தது. அண்ணன் பிளஸ் டூவில் வாங்கியது. வைஸ் சிட்டி ஓடும், கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடும், அதற்கு மேல் மூச்சு வாங்கும். இப்போது நான் வைத்திருப்பது ஒரு பழைய ஆபீஸ் பிசி. ஒரு தீபாவளிக்கு ரேம், அடுத்த தீபாவளிக்கு கிராபிக்ஸ் கார்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றியது. இது கன்சோலில் நடக்காது. அதே நேரம், வேலை முடிந்து களைத்து வந்து பட்டனை அமுக்கினால் ஓட வேண்டும் என்று நினைக்கிற அண்ணனுக்கு என் பிசியின் அழுகையெல்லாம் தேவையில்லை. அவருக்கு அவர் பெட்டி சரி. எனக்கு என் பெட்டி சரி.

செலவிலும் எங்களுக்குள் ஒரு உடன்பாடு உண்டு. அவர் மாதச் சந்தா கட்டுகிறார். ஆரம்பச் சந்தாவே 12.99 டாலர், நம்ம காசில் ஆயிரத்தைத் தாண்டும். நான் 70ஆம் நிலை வரை விளையாடவிடும் இலவசக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். குழுவை அவர்தான் ஆரம்பிக்க வேண்டும், நான் போய்ச் சேர்ந்துகொள்ள மட்டும் முடியும். வீட்டிலும் அப்படித்தானே!

அடுத்த வருடம் அண்ணனின் ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கு வந்தால் பிளேஸ்டேஷனை அங்கேயே விற்றுவிடுவதாகச் சொல்கிறார். விற்கட்டும். அவர் ஆள் சர்வரில் பத்திரமாக இருப்பான். ஆனால் பிசி வழியாக உள்ளே போக அவர் அதே விளையாட்டை இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்க வேண்டும். பிளேஸ்டேஷனுக்கு வாங்கிய உரிமம் பிசிக்குச் செல்லாது. ஒரே வீட்டுக்கு வாசலுக்கு ஒரு பத்திரம்! உலகத்தை ஒன்றாக்கியவர்கள் இதையும் ஒன்றாக்கியிருக்கலாம் என்பது என் மனக்குறை.

எனவே அடுத்த முறை "எம்.எம்.ஓ. கன்சோலுக்கு வரலாமா, வரக்கூடாதா?" என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான். தாராளமாக வரட்டும். கூடவே ஒரு கீபோர்டு செருக இடம் இருக்கட்டும். முக்கியமாக, பிசிக்காரன் இருக்கும் அதே உலகத்துக்கு வரட்டும். தனி உலகம் கட்டித்தான் வருவேன் என்றால் வரவே வேண்டாம். பெட்டி எதுவானாலும் அதற்கு ஆயுசு ஏழெட்டு வருடம். அண்ணன் தம்பிக்கு அப்படியா?