தாழிட்ட கதவு

இதனை எழுதலாமா என்று நாங்கள் இருவரும் பல நாள்கள் தயங்கினோம். எங்கள் மகள்தான், "எழுதுங்கள் அப்பா, வேறொரு வீட்டிலும் என்னைப் போல் ஒருத்தி இருப்பாள்" என்றாள். எழுதி முடித்ததை அவள் படித்துப் பார்த்து இசைந்த பின்னரே அனுப்புகிறோம்.

வெளியூரில் பணிபுரியும் அவள் முன்னறிவிப்பின்றி ஒரு மாலை வந்து நின்றாள். இரவு உணவைத் தொடவில்லை. உடன் பணிபுரிந்த இளைஞன் ஒருவனை அவள் இரண்டு ஆண்டுகள் நேசித்ததும், திருமணப் பேச்சு முறிந்துபோனதும் நாங்கள் அறிந்தவையே. அறியாதது ஒன்று இருந்தது. நம்பிக்கை இருந்த நாளில் அவனுக்கு மட்டுமென்று அவள் அனுப்பிய அந்தரங்கப் படங்களை, உறவு அறுந்தபின் அவன் இணையத்தில் வெளியிட்டிருந்தான். தோழி ஒருத்தி கண்டு சொல்லியிருக்கிறாள்.

அதைக் கேட்டதும் எங்கள் வாயிலிருந்து வந்த முதற்சொல் யாது? "அந்தப் படங்களை ஏனம்மா அனுப்பினாய்?" என்பதே. அடுத்து, "பங்கில் தெரிந்தால் நம் நிலை என்ன?" என்றோம். அவள் மறுமொழி சொல்லாது எழுந்து, அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

உள்ளே அரவமே இல்லை. அந்த அமைதி எங்களை நடுங்க வைத்தது. வீட்டுப் பெயரைப் பற்றி நாங்கள் அஞ்சிக் கொண்டிருக்க, உள்ளே ஓர் உயிர் தவித்துக் கொண்டிருந்தது. "கதவைத் திற அம்மா. தவறு செய்தவன் அவன். உன்னைக் கேட்டது எங்கள் பிழை" என்று மீண்டும் மீண்டும் சொன்னோம். வெகுநேரங் கழித்துத் தாழ் நகர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் அவனது வீட்டுக்கே சென்று சண்டையிடத் துடித்தோம். அவளோ, கைப்பேசியில் உள்ள அனைத்தையும் அழித்துவிடத் துடித்தாள். வழக்கறிஞரான உறவினர் இரண்டையும் தடுத்தார். முதலில் சான்றுகளைக் காக்க வேண்டும்; படம் இருக்கும் பக்கத்தின் முழு முகவரி, வெளியிட்ட கணக்கின் பெயர், நாள், நேரம், அவன் அனுப்பிய செய்திகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள் என்றார். "அவனிடம் கெஞ்சவும் வேண்டாம், பணம் தரவும் வேண்டாம்" என்றும் எச்சரித்தார்.

சட்டம் அவள் பக்கம் இருப்பதை அன்றுதான் அறிந்தோம். படமெடுக்க ஒரு பெண் இசைந்திருந்தாலும், அதைப் பிறருக்குப் பரப்ப இசையாதபோது பரப்புவது குற்றம் என்று 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. ஒருவனை நம்பியது உலகுக்கு அளித்த அனுமதியன்று. பெற்றோராகிய எங்களுக்குப் புரியாதது சட்டநூலில் தெளிவாக இருந்தது!

தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதிந்தோம். படம் வந்த ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனியே எழுதினோம். இத்தகைய படங்களை 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்திருந்தன. கூகுள் தேடலில் தோன்றாதிருக்கவும் விண்ணப்பித்தோம். அது தேடலிலிருந்து மறைக்குமேயன்றி மூலப் பக்கத்தை அழிக்காது. 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசச் சேவையையும் நாடினோம். படம் நம் கருவியை விட்டு வெளியேறாமலே, அதற்குரிய விரல்ரேகை போன்றதோர் எண்குறியை அது உருவாக்கும். அதில் இணைந்துள்ள நிறுவனங்கள் அக்குறியைக் கொண்டு படம் மீண்டும் ஏறாமல் தடுக்கலாம். 18 வயது நிரம்பாதோர்க்கு 'டேக் இட் டௌன்' என்ற சேவை உண்டு.

எல்லாம் உடனே தீர்ந்துவிடவில்லை. இரு தளங்கள் மறுநாளே நீக்கின. ஒன்று வாரக்கணக்கில் இழுத்தடித்தது. மாதங் கழித்து வேறிடத்தில் ஒரு படம் தலைகாட்டியது. 2025 ஜூலையில், இதே துயருக்கு ஆளான ஒரு பெண்ணின் வழக்கில், 48 மணி நேரத்திற்குள் படங்களை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அதன் பின்னரும் அவை வேறு தளங்களில் முளைத்தன. ஆகவே இது ஒருநாள் வேலையன்று; களை பறிப்பது போல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது. ஆனால் ஒவ்வொரு முறையும் நாங்கள் மூவரும் சேர்ந்தே அமர்ந்தோம். இன்று அவள் பணிக்குத் திரும்பிவிட்டாள். உணவும் உறக்கமும் திரும்பிவிட்டன.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளை எச்சரியுங்கள். அது நம் கடமை. ஆயினும் துன்பம் நேர்ந்தபின் எச்சரிக்கை வேண்டாம், துணை வேண்டும். இணையத்திலுள்ள படத்தை நீக்கக் கோருவதற்குப் படிவங்கள் உள்ளன. அன்றிரவு எங்கள் வாயிலிருந்து புறப்பட்ட அந்த முதற்சொல்லை நீக்க எந்தப் படிவமும் இல்லை. அதை அவள் மன்னித்துவிட்டாள். நாங்கள்தான் இன்னும் மறக்கவில்லை.