வால்வுக்கு ஒரு புகைபோக்கி

எங்கள் அப்பா உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். அவரிடமிருந்த இரண்டு 3-500இசட் வால்வுகளில் ஒன்று, கம்பி கண்ணாடியோடு சேருமிடத்தில் சூட்டினால் விரிசல் கண்டு வீணாயிற்று. எஞ்சியதும் போனால் புதிது வாங்க வசதியில்லை. அதைக் காக்கும் பொறுப்பை அக்கா தங்கை எங்களிருவரிடமும் ஒப்படைத்தார்.

இதன் இழை மட்டுமே 5 வோல்ட்டில் ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும்; அப்பா பேசாமல் இருந்தாலும் 75 வாட் சூடு! விசிறிக் காற்றோ எளிய வழி தேடிப் பக்கவாட்டில் ஓடிவிடும். அதை அடியிலிருந்து மேலே, கண்ணாடியை ஒட்டியே போகச் செய்வதுதான் புகைபோக்கியின் வேலை. தகரம் ஆகாது, உள்ளே சில ஆயிரம் வோல்ட் உண்டு. ஆகவே 260 டிகிரி செல்சியஸ் தாங்கும் டெஃப்லான் தாள் வாங்கினோம். அதில் பசை ஒட்டாது என்பது ஒரு டப்பா பசை வீணான பிறகே தெரிந்தது! தையல் வகுப்பில் செய்வதுபோல் முதலில் சார்ட் தாளில் மாதிரி வெட்டி, பிறகு டெஃப்லான் ஓரங்களில் பிளவுகளிட்டு ஒன்றோடொன்று கோத்தோம். முதற்குழல் வால்வைத் தொட்டது. அவிழ்த்து மீண்டும் செய்தோம்.

உயர் மின்னழுத்தத்தை அறவே துண்டித்து, விசிறியை மட்டும் ஓட்டி, அதன் வாயில் ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை முழுதும் குழலின் உச்சியில் வந்தது. அன்றிரவு அப்பா அரை மணி நேரம் பேசினார். நாங்கள் வால்வையே பார்த்துக்கொண்டிருந்தோம்.