வெண்கட்டிப் பொட்டு

அம்மியில் வெண்கட்டி அரைக்கக் கூடாது என்பது 1984இல் எங்கள் வீட்டுச் சட்டம். நான் ஒருமுறை அரைத்துவிட்டேன். அன்றைக்கு அரைத்த சம்பலில் பள்ளிக்கூட வாசம் வந்ததாக அம்மா இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தா. அதற்குப் பிறகு சனசமூக நிலையத்துப் படியிலேயே செங்கல்லால் நுணுக்கி, சிரட்டையில் வாரி மாஸ்டரிடம் கொடுப்பேன். கராத்தே வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அதுதான்.

புரூஸ் லீ செத்துப் பத்து வருடம் கழிந்த பிறகுதான் எங்கள் வேலணைத் தீவுக்கு வந்து சேர்ந்தார். வாடகைக்கு எடுத்த ரிவி, டெக், ஜெனரேற்றர், விடிய விடிய மூன்று படம். மறுநாள் ஊரிலுள்ள ஒரு வாழையும் தப்பவில்லை. இந்த அட்டகாசத்தைப் பார்த்த பெரியவர்கள் சிலர், உதைப்பதென்றால் ஒழுங்காகப் பழகி உதைக்கட்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாஸ்டரை ஏற்பாடு செய்தார்கள். சனி, ஞாயிறு பின்னேரங்களில் பண்ணைப் பாலத்தால் வரும் பஸ்ஸில் வந்து இறங்குவார். சோளகக் காலத்தில் கடல் தூவானம் பட்டு அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கியிருக்கும். அதைச் சேட்டு நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் எங்களைப் பார்ப்பார்.

சனசமூக நிலையத்தின் பின்பக்க மணல்தரைதான் வகுப்பு. கிளித்தட்டுக்குக் கீறிய கோடுகளை அழிக்காமல் அதிலேயே வரிசையாக நிற்போம். வெள்ளை உடுப்பு மாஸ்டருக்கு மட்டும்தான். எங்களுக்குக் காற்சட்டையும் வெறும் மேலும். மூன்று மாதம் காற்றைக் குத்தினோம். கட்டா என்பது எதிராளி இல்லாமல் தனியே செய்யும் அசைவு வரிசை. முதற் கட்டாவான ஹெய்யான் ஷோடானை நித்திரையிலும் செய்யக்கூடிய நிலை வந்ததும், மாஸ்டர் எங்களைச் சோடி சோடியாக எதிரெதிரே நிறுத்தினார். அதற்குப் பெயர் குமித்தே.

என் சோடி நெடுந்தீவான். அவனுக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது, ஆனால் வகுப்பில் எவனும் அதைச் சொன்னதில்லை. எங்கள் ஒழுங்கையில் இருந்த சின்னம்மா வீட்டில் நின்று படித்தான். முதல் நாள் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. மாஸ்டர் 'ஹஜிமே' என்றதும் பாய்ந்து போய்க் குத்தினேன். அவன் தடுக்கக் கை தூக்கப் பிந்திவிட்டான். கீழ் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அவன் குனிந்து துப்பினான். வெள்ளை மணலில் அந்தச் சிவப்பு உருண்டு நின்றது, உடனே ஊறவில்லை. அன்றிரவு சின்னம்மா வீட்டில் ஒடியற்கூழ். மிளகாய் உறைப்பும் புளியும் கிழிந்த உதட்டில் பட, அவன் பிலாவிலையை வாயின் ஒரு ஓரத்தில் வைத்து உறிஞ்சுவதை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன். என் பங்கை என்னால் குடிக்க முடியவில்லை.

அடுத்த கிழமையிலிருந்து கை போக மறுத்தது. கண் குறி பார்க்கும். கால் முன்னே போகும். இடுப்பும் திரும்பும். முழங்கை மட்டும் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடும். என் குத்து அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் நின்று நடுங்கும். அவன் தடுப்பான், நான் பின்வாங்குவேன். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத்தான் இருந்திருக்கும். எனக்கும் உள்ளூரப் பெருமை: நான் நல்ல பிள்ளை, ஒருவரையும் நோகடிக்காதவன்.

அந்தப் பெருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைந்தது. மாஸ்டர் சோடிகளை மாற்றிவிட்டார். நெடுந்தீவானுக்கு எதிரே வந்தவன் சுமாரான பெடியன்தான், ஆனால் எட்டக் குத்துகிறவன். நெடுந்தீவான் என்னோடு பழகிய கணக்கில் நின்று, என் கைக்குப் பழகிய நேரத்தில் கையைத் தூக்கினான். குத்து விலாவில் இறங்கியது. மூச்சு வராமல் மணலில் குந்திவிட்டான்.

வீட்டுக்குப் போகும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னான்.

"எல்லாம் உன்னாலைதான்."

"நான் உனக்கு ஒண்டும் செய்யேல்லையே."

"அதுதான். எட்டாத குத்தைத் தடுத்துத் தடுத்து என்ரை கை பழுதாப் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. உதடு கிழிந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லாதவன், கிழிக்காததற்குச் சண்டைக்கு வருகிறான். கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு அவனே தன் ஊர்க் குதிரைக் கதையைத் தொடங்கினான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரிகின்றன. கோடையில் தண்ணீர் தேடி அவை ஊர்ப்பக்கம் வரும்போது, முருகைக்கல் மதிலோடு ஒட்டி நின்று தொட்டுப் பார்ப்பது அவர்களுடைய விளையாட்டாம்.

"கையை நீட்டிப்போட்டு இழுக்கக் கூடாது. இழுத்தியெண்டால் அது வெருண்டு உதைக்கும். தொடுறதெண்டால் தொட்டிட வேணும்."

அவன் உண்மையில் குதிரையைத் தொட்டானோ என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம். நெடுந்தீவார் எல்லாருக்கும் இப்படி ஒரு குதிரைக் கதை இருக்கும்.

மாஸ்டர் கதை சொல்கிறவரில்லை. அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"கிளித்தட்டிலை ஆளைத் தொடுவியோ?"

"ஓம் மாஸ்டர்."

"அப்ப பயமில்லையோ?"

"இல்லை."

"சரி. விரலை விரி. கிளியாய் நில்."

அன்று முழுக்க உள்ளங்கையால் நெடுந்தீவானின் நெஞ்சைத் தொடுவதுதான் எனக்கு வேலை. அது சுலபமாக வந்தது. ஐந்து வயதிலிருந்து கோட்டில் ஓடி ஓடிப் பழகிய கை அல்லவா? அடுத்த வாரம் விரல்களைப் பாதி மடக்கச் சொன்னார். அதற்கடுத்த வாரம் முழுதாக மடக்கி, பெருவிரலை வெளியே பூட்டி, முன்னிரண்டு மொளியையும் சிரட்டையில் தோய்க்கச் சொன்னார். அதற்குத்தான் வெண்கட்டி. முதலில் கரியைத்தான் யோசித்தாராம். எங்கள் நிறத்தைப் பார்த்துக் கைவிட்டிருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. நெஞ்சில் ஒன்றும் விழாவிட்டால் எட்டவில்லை. நீளமாக இழுபட்டிருந்தால் குத்தவில்லை, தள்ளியிருக்கிறாய். பொட்டைச் சுற்றித் தோல் சிவந்திருந்தால் அளவு மீறிவிட்டாய், போய் மைதானத்தைச் சுற்றிப் பத்துத்தரம் ஓடு. இரண்டு மொளியும் பதிந்து, சிவப்பே இல்லாமல் இருந்தால் மட்டும் தலையாட்டுவார்.

முதற் பொட்டு விழுந்த கணம் கையில் இன்னும் இருக்கிறது. முழங்கை வழக்கம்போல இறங்கப் பார்த்தது. அதற்குள் முன்கால் இன்னும் அரையடி போய்விட்டது. அவன் நெஞ்சு நான் நினைத்திருந்ததைவிடக் கெட்டி. வியர்வையில் வழுக்கியது. உள்ளே அவன் இதயம் ஓடுவது என் விரல் எலும்பில் தட்டியது. இத்தனை வாரமாக நான் குத்தத் தயங்கியது என் மனதில் வைத்திருந்த ஒரு கண்ணாடிப் பொம்மையை. இங்கே நின்றவன் இரண்டு மொளியளவு தாங்குகிற ஒரு பெடியன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "பொட்டு வைச்சிட்டான்" என்று கத்தினான். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பொட்டைப் பார்த்தார். தலையாட்டினார். உடனே நெடுந்தீவான் என் நெஞ்சில் ஒன்று வைத்தான். அது கொஞ்சம் நொந்தது. நொந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

கராத்தேயும் ஒரு தீவிலிருந்து வந்ததுதான் என்பதைப் பின்னாளில் வாசித்தேன். ஒகினாவாக்காரரான கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் அதை டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். அவருக்குக் குமித்தேயில் வரும் சுதந்திரச் சண்டையே பிடிக்காது. கட்டாதான் அவருக்குக் கராத்தே. ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதற் போட்டியை நடத்தியது 1957இல், அவர் காலமான அதே வருடம். குத்தை உடம்புக்கு மிக அண்மையில் நிறுத்துவதைச் 'சுன்தோமே' என்பார்கள். 'சுன்' என்பது ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர், நம் கணக்கில் ஒன்றரை விரற்கடை. முழு வேகத்தில் போய் அங்கே நிற்க வேண்டும். நான் நின்றதோ ஒரு சாணில். இரண்டும் நிற்பதுதான், ஆனால் என்னுடையதை யாரும் கட்டுப்பாடு என்று சொல்ல மாட்டார்கள்.

இதன் மறுகோடியை ரொறன்ரோவில் காலைத் தேநீரோடு பார்த்தேன். 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக், ஆண்களின் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு இறுதிச் சண்டை. சவூதியின் தாரெக் ஹமெடி 4–1 என்று முன்னணியில் நின்றபடி தலைக்கு ஓர் உதை விட்டார். ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். அளவு மீறிய தாக்குதல் என்று ஹமெடியைத் தகுதி நீக்கினார்கள். ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம், அடித்தவருக்கு வெள்ளி. கதிரையில் இருந்த என் மகன் "என்ன அநியாயம்!" என்றான். எனக்கு மைதானத்தைச் சுற்றிப் பத்துத்தரம் ஓடியதுதான் நினைவுக்கு வந்தது.

வகுப்பு ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்து, அதில் வந்தவர்களைக் குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகு மாஸ்டர் வரவில்லை. நெடுந்தீவானை அவனுடைய அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். எந்த வழியால் போனார்கள் என்று நான் கேட்கவில்லை.

குமுதினிக்கு முந்திய ஞாயிறுதான் கடைசி வகுப்பு. மாஸ்டர் இருட்டும்வரை விட்டார். எங்கள் கிணறு சவர், சவுக்காரம் நுரைக்காது. துலாவால் அள்ளி அள்ளி ஊற்றியும் வெண்கட்டி பால்போலக் கரைந்து வயிற்றில் வடிந்ததே தவிர முழுதாகப் போகவில்லை. நெடுந்தீவான் கழுவவே இல்லை. சேட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான் பூட்டுமுன் என்னைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னான். அவன் நெஞ்சில் ஆறு. என்னிலே ஏழு இருந்ததென்று அவன் சொன்னான். நான் அதற்குள் கழுவிவிட்டிருந்தேன்.