தோளில் கை வைத்துப் பார்த்த பிறகு

கழுத்துப் பிடிப்போடு வருகிறவர்கள் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த வலியைக் கிளப்பும் தசை முடிச்சு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். பொட்டு தெறிக்கிறது என்பவருக்கு அது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள மேட்டில், ட்ரபீசியஸ் தசையில் இருக்கலாம். தோளின் முன்பக்கம் குடைகிறது என்பவருக்குத் தோள்பட்டை எலும்பின் பின்னால் இருக்கலாம். வலி இப்படி இடம் மாறித் தெரிவதை ஜேனட் டிராவெலும் டேவிட் சைமன்ஸும் 1983இல் வெளியிட்ட நூலில் தசை தசையாகப் படம் போட்டுக் காட்டினார்கள். டிராவெல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு வெள்ளை மாளிகையில் மருத்துவராக இருந்தவர். எங்கள் தொழிலில் அவர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் வருகிறவர்களில் பலர் ஓவர்லாக் தையல் எந்திரம் ஓட்டுகிற பெண்கள், செக்கிங் மேசையில் நாளெல்லாம் குனிந்து நிற்கிறவர்கள். அவர்களை உட்காரவைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டு தோள் தசையைப் பிடித்து மெல்ல உருட்டுவேன். இறுகிய நார்க்கற்றை ஒன்று தட்டுப்படும். அதன் மேலேயே நகர்ந்து ஓரிடத்தில் அழுத்தும்போது, “அதேதானுங்க! அங்கிருந்துதான் நெத்திக்கு ஏறுது” என்பார்கள். அந்த வார்த்தை வரும்வரை ஷாக்வேவ் கருவியைக் கையில் எடுக்க மாட்டேன். வந்ததும் பேனாவால் புள்ளி வைத்துவிடுவேன்.

ஷாக்வேவ் என்றதும் கரண்ட் வைப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். உடம்புக்குள் மின்சாரம் பாய்வதே இல்லை. நான் வைத்திருப்பது ரேடியல் வகை. கைப்பிடிக்குள் அழுத்தக் காற்று ஒரு சின்ன உலோகத் துண்டை உந்த, அது முனையில் போய் மோதுகிறது. அந்த அதிர்வே அலையாகத் தசைக்குள் இறங்குகிறது. தோலருகே வலுவாக இருந்து, ஆழம் போகப் போகக் குறையும். இந்தச் சிகிச்சையின் மூத்த வடிவம் சிறுநீரகக் கல்லை உடைக்கப் பிறந்தது. 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்கு அப்படிச் செய்தார்கள். கருவியைச் செய்த டோர்னியர், விமானம் கட்டிய நிறுவனம். அங்கிருந்து குதிகால், தோள் தசைநாண் என்று வந்து, பிறகு தசை முடிச்சுகளுக்கும் இது வந்து சேர்ந்தது.

முனைக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும். ஜெல் தடவுவது அதற்காகத்தான். அதே காரணத்தால் நுரையீரலை நோக்கி அடிக்கவும் கூடாது. திசுவும் காற்றும் சந்திக்கிற இடத்தில் அலையின் ஆற்றல் இறங்கிக் காயப்படுத்தும். நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கும் மேலே எட்டிப் பார்க்கிறது என்பதைத் தோளில் வேலை செய்கிறவர் ஒரு நொடியும் மறக்கலாகாது. ஆகவே இடது கையால் தசையைக் கிள்ளித் தூக்கி, விலாவிலிருந்து விலக்கி, முனையைச் சாய்த்தே வைப்பேன். கழுத்தின் முன்பக்கமும் முதுகெலும்பு வரிசையும் தொடாத இடங்கள். கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், அந்த இடத்தில் புற்றுக்கட்டி உள்ளவர்கள் ஆகியோருக்கு இதைச் செய்வதில்லை.

ஒன்றரை பார் அழுத்தத்தில் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்தபடி ஏற்றுவேன். நொடிக்கு 10 வீதம் 2,000 அடி என்றால் மூன்றரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் தோள் காதை நோக்கி ஏறினால் அழுத்தம் அதிகம் என்று பொருள்; உடனே குறைத்துவிடுவேன். இந்தப் பெண்கள் தாங்கிப் பழகியவர்கள், கேட்டால் “பரவாயில்லைங்க” என்பார்கள். “வலிச்சா சொல்லுங்கக்கா, பல்லைக் கடிச்சுக்க வேண்டாம்” என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாரம் ஒரு முறை, மூன்று முதல் ஐந்து முறை. ஓரிரு நாள் அந்த இடம் கன்றிப்போன மாதிரி வலிக்கும். பிறகு கழுத்து சற்று எளிதாகத் திரும்பும். அந்த எளிமை இருக்கும்போதே தோள்பட்டைகளைப் பின்னிழுக்கும் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். நாற்காலியின் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவருக்கு இவை இல்லாவிட்டால் முடிச்சு மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும்.

தொட்டே பார்க்காமல் பத்து முறைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே கட்டாதீர்கள். முதலில் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். தோள் வலியோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் எங்களிடம் வராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.