கயிற்றை இழுக்காதே

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த பிறகு, சென்னைப் புறநகர்த் தெருக்களில் மினி லாரிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நனைந்த பிரிட்ஜ், வாஷிங் மிஷின், தண்ணீர் மோட்டார் என்று எதுவானாலும் எடைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் குவியலில் சேறு அப்பிய சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர்களும் கிடந்தன. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தண்ணியில முங்கின ஜெனரேட்டரை எழுப்புற ஆள் எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார். ஒருநாள் வந்து பாரு" என்றார்.

ராமகிருஷ்ணராஜுபேட்டை என்பதன் சுருக்கம்தான் ஆர்.கே.பேட்டை. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையோரம் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை இதெல்லாம் சித்தூர் மாவட்டம். கடைத்தெருவில் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. தெருவுக்குள் திரும்பினால் தறிச் சத்தம். மெக்கானிக்கின் பிழைப்பும் அந்தத் தறிகளில் தொடங்கியதுதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தறி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் போன அன்று பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மைக் செட்காரர் தன் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். குடோனில் தண்ணீர் ஏறிவிட்டதாம். அந்தப் பக்கத்துக்கு இது புதிதல்ல. 2021 நவம்பரில் ஆந்திராவிலுள்ள கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டபோது, கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தில் பள்ளிப்பட்டுச் சுற்றுவட்டாரத் தரைப்பாலங்கள் மூழ்கின.

மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி: "கயித்த இழுத்தியா?"

"இல்லண்ணா. நீ போன்ல சொன்ன மாதிரி தொடவே இல்ல."

"அப்ப பொழைச்சுக்கும்."

தண்ணீரில் மூழ்கிய ஜெனரேட்டரைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் அல்ல, அவசரம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட்டர் கயிற்றை வேகமாக இழுத்தால், மேலே வரும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் மோதும். கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம். அதோடு இன்ஜினைப் பிரித்துப் போட வேண்டியதுதான். அதனால் முதல் வேலையாக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கயிற்றை மெதுவாக இழுத்தார். பிளக் ஓட்டை வழியாக அழுக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தண்ணீர் நிற்கும்வரை இழுத்துவிட்டு, ஓட்டைக்குள் கொஞ்சம் ஆயில் விட்டார்.

இன்ஜினுக்கு அடியிலிருந்த ஆயிலை இறக்கியபோது, பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது. தண்ணீர் கலந்த ஆயிலுக்கு அதுதான் அடையாளம். டேங்கில் இருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மேலே பெட்ரோல், கீழே தனியாக ஒரு படுகை. முன்பெல்லாம் கீழே நிற்பது வெறும் தண்ணீர்தானாம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். அந்தக் கலவை கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கினால் அலுமினியத்தை அரித்து வெள்ளை வெள்ளையாகப் பொடி பூக்கும். ஜெட்டின் துளையோ முடி கனம். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று, காற்றடித்தும் கிளீனர் தெளித்துமே சுத்தம் செய்தார். அந்தக் கார்புரேட்டரிலேயே நெடுநேரம் போயிற்று.

இதுவரை செய்தது எந்த டூவீலர் மெக்கானிக்கும் செய்யக்கூடியது. ஜெனரேட்டரின் மறுபாதியான செம்புக் காயிலில்தான் இவருடைய கை தெரிகிறது. ஏற்கெனவே நனைந்த காயிலை இவர் மறுபடியும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்! சேறும் உப்பும் காயிலில் தங்கினால் காய்ந்த பிறகும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் முதலில் அவை போக வேண்டும் என்கிறார். பிறகு வெயில். வெயில் தாழ்ந்ததும் தகரப் பெட்டி. உள்ளே நூறு வாட் குண்டு பல்புகள் எரியும். தீயில் காட்டினால் கம்பிமேல் இருக்கும் வார்னிஷ் கருகிவிடும். இது மெல்லிய சூடு, ராத்திரி முழுக்க.

காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் மெக்கர். காயில் கட்டக் கற்றுக்கொடுத்த குருநாதர் தொழிலை விட்டபோது இவரிடம் கொடுத்துப்போன கருவி அது. கறுத்த பேக்கலைட் பெட்டி, பக்கவாட்டில் மடக்குகிற கைப்பிடி, மேலே கண்ணாடிக்குள் ஒரு முள். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளிருக்கும் சின்ன டைனமோ 500 வோல்ட் கொடுக்கும். ஒரு வயரைக் காயிலின் முனையிலும் இன்னொன்றை இரும்பு உடலிலும் வைத்துச் சுற்றினால், செம்புக்கும் இரும்புக்கும் நடுவே கரன்ட் கசிகிறதா என்று முள் சொல்லிவிடும். லண்டனில் சிட்னி எவர்ஷெட் 1889-ல் கொண்டுவந்த கருவியின் வழிவந்தது இது. இப்போது பட்டனை அமுக்கினால் எண் காட்டும் மெக்கர்கள் வந்துவிட்டன. இவர் மாற்றவில்லை. "முள்ளு ஏறுற விதத்துலயே ஈரம் எங்க நிக்குதுன்னு தெரியும் சார்" என்றார்.

கழுவியதும் வைத்துப் பார்த்தபோது முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. பல்புப் பெட்டியில் ஒரு ராத்திரி கிடந்த பிறகு அரை மெகா ஓம் வரை ஏறி நின்றது. மைக் செட்காரர் போனில் அவசரப்படுத்தினார். கல்யாண ஆர்டர் இருக்கிறதாம். "ஒரு மெகா ஓமாவது காட்டாம குடுக்க மாட்டேன். பந்தல் கட்டுற பையன் ஈரத்தரையில நின்னுக்கிட்டு இந்தச் சட்டத்தைத் தொடுவான்" என்று சொல்லி, திரும்பவும் பல்பைப் போட்டார். இன்னொரு ராத்திரி. மறுநாள் முள் மூன்றைத் தாண்டியது. அதன் பிறகுதான் வார்னிஷ் பூசினார்.

இந்தத் தொழிலை அவருக்குக் கொடுத்தது மின்வெட்டு. 2008 வாக்கில் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போன அந்தக் காலத்தில், சென்னைக்கு வெளியே சில சமயம் பாதி நாளுக்கும் மேல் கரன்ட் இருக்காது. தறி நின்றால் தறி மோட்டாரும் எரியாது. காயில் கட்டும் கடைக்கு வேலை இல்லை. அதே நேரம் மளிகைக் கடை, புரோட்டாக் கடை, ஜெராக்ஸ் கடை என்று எல்லா வாசலிலும் சின்ன ஜெனரேட்டர் வந்து உட்கார்ந்தது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்துப் பந்தல்களுக்கு வாடகைக்குப் போகும் ஜெனரேட்டர்கள், திருவிழா முடிந்ததும் இவரிடம் வரத் தொடங்கின. மின்வெட்டு குறைந்த பிறகு இவற்றில் பல மூலையில் துருப்பிடித்தன. இப்போது மழைக்காலம்தான் இவருடைய சீசன்.

சீசன் என்றால் பணம் வர வேண்டும் அல்லவா? அதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வேறு ஆட்கள். வீட்டை இழந்து நிற்பவரிடம் "செத்த மிஷின், செம்பு விலைக்கு எடுத்துக்கிறேன்" என்று சொல்லி எடைக்கு வாங்குகிறார் ஒருவர். அதெல்லாம் மொத்தமாக இங்கே வந்து இறங்குகிறது. பீஸ் கணக்கில் கூலி. இரண்டு ராத்திரி பல்பு எரித்த கரன்ட் பில் அதில் சேராது. எழுந்து ஓடும் ஜெனரேட்டர் பெயிண்ட் பூசப்பட்டு, நகரத்தில் நல்ல விலைக்குப் போகிறது. செத்தது என்று வாங்கியதும் அவரே, புதுசு மாதிரி என்று விற்பதும் அவரே. உயிர் கொடுத்தவருக்கு வாங்கிய விலையும் தெரியாது, விற்ற விலையும் தெரியாது. ஒவ்வொரு வெள்ளத்திலும் நடக்கிற இந்தக் கொள்ளையை யாரும் கொள்ளை என்று சொல்வதில்லை. வெள்ள நிவாரணம் என்று அரிசியும் பாயும் கொடுக்கிற இடத்திலேயே, நனைந்த மிஷினைத் திறந்து பார்த்து 'இது பிழைக்கும், விற்றுவிடாதே' என்று சொல்ல ஒரு மெக்கானிக்கை உட்காரவைத்தால் எத்தனையோ குடும்பங்களின் பொருள் தப்பும். அந்த மெக்கானிக்குக்கும் நேரான கூலி கிடைக்கும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

மைக் செட்காரரின் ஜெனரேட்டருக்குத் திரும்புவோம். எல்லாம் பூட்டிய பிறகு கயிற்றை இழுத்தார். சில இழுப்புகளில் இன்ஜின் பிடித்தது. ஆனால் பல்பு எரியவில்லை. ரோட்டாரில் மிச்சமிருக்க வேண்டிய காந்தம் போய்விட்டிருந்தது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கணம் கரன்ட் காட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு கவர்னரைத் திருகி, 50 ஹெர்ட்ஸ் சரிபார்த்து, சுமைக்கு ஒரு இஸ்திரிப் பெட்டியை மாட்டினார். இன்ஜின் சற்றே முனகி, நிதானத்துக்கு வந்தது.

இத்தனையும் வாசலுக்கு வெளியே, திறந்த இடத்தில்தான். மழைக்குப் பயந்து வீட்டுக்குள் ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும்; அமெரிக்காவில் மட்டும் இப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 100 பேர் சாகிறார்கள். மைக் செட்காரரிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

"எடுத்துக்கிட்டுக் கிளம்பட்டுமாண்ணா?" என்று அவர் ஆட்டோவைத் திருப்பினார்.

"இரு."

அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். ஆயிலை மறுபடி இறக்கினார். அதில் இன்னும் லேசான வெள்ளை இருந்தது. "பேரிங் சந்துல ஒளிஞ்ச தண்ணி இப்பதான் வருது" என்று புது ஆயில் டப்பாவை உடைத்தார். "இன்னொரு தடவை ஓட்டி, இதையும் இறக்கிட்டுத்தான் தருவேன். கல்யாணம் நாளைக்குத்தானே?"

"ஆயிலுக்குத் தனியாக் காசா?" என்றார் மைக் செட்காரர்.

"ஆயிலுக்குக் குடு. கூலி பேசினதுதான்."